மச்சம் சுடும் பேனா வாங்கலாமா?

பெட்டியைத் திறந்தால் தடித்த வெள்ளைப் பேனா ஒன்று, சாஜ் பண்ணும் வயர், செம்பு நிறத்தில் கொஞ்சம் ஊசி முனைகள், மடித்து வைத்த துண்டுப் பிரசுரம் ஒன்று. பிளாஸ்மா பேனா, ஸ்பொட் ரிமூவர், மோல் பென் என்று பெயர்தான் மாறுகிறதே தவிரச் சாமான் ஒன்றுதான். இணையத்தில் ஓடர் பண்ணினால் திருகோணமலையில் உவர்மலையோ நிலாவெளியோ, கூரியர்காரர் வாசலுக்கே கொண்டுவந்து தருவார். பியூட்டி பாலர்கள் சிலவற்றில் இதே பேனாவை "லேசர்" என்று சொல்லியே பாவிக்கிறார்கள். லேசருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கரும்புள்ளி போகுமா என்றால், பெரும்பாலும் போகும். எங்கள் குறை அதில் இல்லை. போனது எது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாமல் போகிறதே, அதுதான் குறை. சாதாரண மச்சத்தையும் மெலனோமா என்கிற தோல் புற்றுநோயையும் இந்தப் பேனா ஒரே மாதிரித்தான் கரியாக்கும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். முனை தோலைத் தொடுவதற்குச் சற்று முன்னரே ஊசிக்கும் தோலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு மின்பொறி பாயும். அந்தச் சூட்டில் தோலிலுள்ள நீர் ஆவியாகி, பட்ட இடம் கருகும். 6 படி, 9 படி என்று கூட்டிக் குறைக்கலாம். ஆனால் 3ஆம் படியில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் சுடும் என்று பிரசுரத்தில் தேடினால் கிடைக்காது. போடவும் முடியாது. கை எவ்வளவு நேரம் நின்றது, தோல் எவ்வளவு ஈரம், பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்து ஆழம் மாறும். கண் இமையின் மேற்தோல் ஏறக்குறைய 0.05 மி.மீ., கன்னத்தில் 0.1 மி.மீ., உள்ளங்காலில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். கன்னத்துக்குக் கணக்காக இருக்கிற அதே படி இமையில் ஓட்டை போடும். குதிக்காலில் மேற்பரப்பைக் கருக்குவதோடு நின்றுவிடும்.

கழுத்திலும் கமக்கட்டிலும் தொங்குகிற சின்ன மருவுக்கு இது வேலை செய்யும். மருவின் காம்பு மெல்லியது, சுட்டால் 5 முதல் 10 நாளில் பொருக்கோடு விழுந்துவிடும். ஆனால் எங்கள் தோல் நிறத்துக்குச் சுட்ட இடம் மாதக் கணக்கில் கறுத்துக் கிடக்கும். நெஞ்சு, தோள், காதுமடல், தாடை ஓரம் என்றால் தடித்த தழும்பாகவும் எழும்பலாம். போக்க வந்த புள்ளியை விடப் பெரிய புள்ளி மிஞ்சும். பொருக்கு விழும்வரை கடலில் இறங்கக் கூடாது என்பதையும் பிரசுரம் சொல்வதில்லை. இளஞ்சூடான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இருக்கும். சீனி வருத்தமோ ஈரல் வருத்தமோ உள்ளவருக்குத் திறந்த புண்ணோடு டச்சுக் குடாவில் குளிப்பது விளையாட்டல்ல. பாலரில் செய்வதானால் முனையை ஆளுக்கு ஆள் புதிதாக மாற்றுகிறார்களா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்துவது ஹெப்படைட்டிஸ் பி பரவ வழி.

தட்டையான கறுப்புப் புள்ளிக்கும் புடைத்த மச்சத்துக்கும் வந்தால் கதை வேறு. புடைத்த மச்சத்தின் நிறமிக் கலங்கள் தோலின் உட்படைக்குள் ஒரு மி.மீ., சில வேளை அதற்கும் கீழே இறங்கியிருக்கும். பேனா மேலே இருப்பதைச் சுடும், கீழே இருப்பது தங்கிவிடும். சில மாதம் கழித்துத் தழும்பின் நடுவே ஒழுங்கில்லாத கறுப்பு மறுபடி முளைக்கும். இதில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவைதான். ஆனாலும் பார்வைக்கும், நுண்ணோக்கிக்கும்கூட, அது மெலனோமா போலவே தெரியும். நோயியல் நிபுணர்கள் 1975இலேயே இதற்குப் "போலி மெலனோமா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆபத்தில்லாத மச்சத்தை நீங்களே சந்தேக மச்சமாக்கி, இல்லாத நோய்க்கு ஒப்பரேசன் வரைக்கும் போக நேரலாம்.

மறுபக்கம் இதைவிடப் பொல்லாதது. சுட்டது உண்மையில் மெலனோமா என்றால் மேலே நிறம் போய் அழகாக ஆறிவிடும். கீழே தங்கிய கலங்கள் தழும்புக்கு அடியில் வளரும். அடுத்து அது வெளியே தெரிவது தழும்பில் கட்டியாகவோ, அரையிலோ கமக்கட்டிலோ நெறியாகவோதான்.

இதில் ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மெலனோமாவில் வைத்தியம் முழுவதும் அந்த ஒரு அளவைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் நிபுணர் காட்டிய முறை இன்றும் அப்படியே பாவனையில் இருக்கிறது. மேற்தோலின் மணிப்படையிலிருந்து கட்டியின் மிக ஆழமான கலம் வரைக்கும் நுண்ணோக்கியில் அளந்து மில்லிமீட்டரில் எழுதுவார்கள். 0.8 மி.மீ.க்குக் குறைவு, மேலே புண்ணாகவில்லை என்றால், வெட்டியெடுத்தவர்களில் 98 சதவீதத்தினர் பத்தாண்டு கழித்தும் அந்த நோயால் சாகாமல் இருக்கிறார்கள். 4 மி.மீ.ஐத் தாண்டிப் புண்ணாகியும் இருந்தால், நிணநீர்க் கணுவுக்கு (நெறி கட்டுகிற இடத்துக்கு) பரவாத நிலையிலேயே அது 75 ஆக இறங்கும். ஒரு அரிசியின் நீளத்துக்குள் அடங்கும் வித்தியாசம் இது. சுட்டுக் கரியான இழையத்தில் இந்த அளவை எவராலும் எடுக்க முடியாது. பேனாவுக்கு நாங்கள் மதிப்பெண் போடாததற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ., மச்சத்தையும் இப்படித் தொங்குகிற மருவையும் வீட்டில் அகற்றவென்று எந்த மருந்தையும் இன்றுவரை அனுமதிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

"எங்கள் ஆக்களுக்கு இந்த வருத்தம் வருமா?" என்று கேட்பீர்கள். மிகவும் அரிது, தெற்காசியாவில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. வெள்ளைக்காரருக்கு வருவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் வரும்போது எங்கே வருகிறது என்பதில்தான் சிக்கல். அவர்களுக்கு முதுகு, கெண்டைக்கால் என்று வெயில் படும் இடங்கள். எங்களுக்கு உள்ளங்கால், குதிக்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. இந்த வகைக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். இதற்கும் வெயிலுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. ஆகவே உப்புவெளியில் விற்கிற எஸ்.பி.எஃப் 50 கிறீம் எதுவும் இதைத் தடுக்காது. கிறீம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறவியிலேயே தோல் நிறமி இல்லாதவர்களுக்கு அது கட்டாயம். நிலாவெளியில் நாள் முழுக்கக் கிடக்கிற வெளிநாட்டுக்காரருக்கும்தான். அவர்களில் யாராவது பாலருக்கு வந்து மச்சத்தைச் சுடச் சொன்னால், பேனாவை எடுக்கவே கூடாது. அவர்களுடைய மச்சத்தில் ஆபத்து எங்களுடையதைவிடப் பல மடங்கு.

கடற்கரை விடுதிகளில் பொப் மார்லியின் படம் தொங்காத சுவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த மனிதர் 1981 மே 11இல், 36 வயதில் இறந்ததும் இந்த நோயால்தான். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்த மெலனோமா. 1977இல் கண்டுபிடிக்கும்வரை கால்பந்து விளையாடிப் பட்ட காயம் என்று இருந்தார்கள்.

இங்கேயும் அப்படித்தான் தவறுகிறது. கரைவலை இழுப்பவர், தம்பலகாமத்து வயலில் வெறுங்காலோடு நிற்பவர், வெள்ளை மணலில் நாள் முழுக்க நடப்பவர்: இவர்களுடைய காலில் கறுப்பாக ஒன்று வந்தால் முள், காலாணி, இரத்தக் கட்டு என்றுதான் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். காலாணி பிளாஸ்டர் ஒட்டுவார்கள், பிளேட்டால் சீவுவார்கள், பேனா வந்தபின் சுடவும் செய்கிறார்கள். மெலனோமாவில் ஒரு பங்கு நிறமே இல்லாமல் இளஞ்சிவப்புப் புண்ணாக வரும். சீனி வருத்தக்காரரின் காலில் அது வந்தால் "சீனிப் புண்" என்று மாதக்கணக்கில் மருந்து கட்டிக்கொண்டே இருப்பார்கள். புண்ணுக்குரிய எல்லாம் சரியாகச் செய்து, இரத்தோட்டமும் நன்றாக இருந்து, 6 கிழமை தாண்டியும் சுருங்கவில்லை என்றால் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பும்படி கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் பார்ப்பதற்குப் பேனா தேவையில்லை. பகல் வெளிச்சமும் இன்னொருவரின் கண்ணும் போதும். காய்ப்புப் பிடித்த கால் என்றால் முதலில் இளஞ்சூட்டு நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். காய்ந்த காய்ப்புக்குள் நிறம் சரியாகத் தெரியாது. குதிக்கால், பாதத்தின் வெளி ஓரம், விரலிடுக்கு, பெருவிரலின் அடி. புள்ளி ஒன்று இருந்தால் ஒரு பாதி மறுபாதி போல இருக்கிறதா, ஓரம் கரைந்து போகிறதா, கறுப்போடு கபிலம், நீலம், வெள்ளை என்று கலந்திருக்கிறதா பாருங்கள். உடம்பில் 6 மி.மீ., உள்ளங்காலில் 7 மி.மீ. தாண்டிய எதுவும் கணக்கில் எடுக்க வேண்டியது. எல்லாவற்றையும் விட, மாறிக்கொண்டு வருகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. பக்கத்தில் அடிமட்டம் வைத்து, போனில் ஒரு படம். மூன்று மாதம் கழித்து அதே தூரத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொன்று. இரத்தம் கசிகிறது, புடைத்துக்கொண்டு வருகிறது என்றால் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

நகத்தில் கறுப்புக் கோடு எங்கள் தோல் நிறத்தவருக்கு மிகச் சாதாரணம். பல விரல்களில் மெல்லியதாக, வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் அதை விட்டுவிடலாம். ஒரே ஒரு விரலில், குறிப்பாகக் கை அல்லது கால் பெருவிரலில், வளர்ந்த வயதில் புதிதாக வந்து, 3 மி.மீ.க்கு மேல் அகலமாகி, நகத்தின் அடிப்பக்கம் அகலமும் நுனிப்பக்கம் ஒடுக்கமுமாக இருந்தால் காட்ட வேண்டும். அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் படர்ந்திருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். அடிபட்ட இரத்தக் கட்டா என்று சந்தேகமானால் கறையின் அடி விளிம்புக்கு நேரே நகத்தின் மேல் மெல்லிய கீறல் ஒன்று போட்டு வையுங்கள். கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ. வளரும். இரத்தமென்றால் கீறலும் கறையும் சேர்ந்து முன்னே நகரும், பின்னால் தெளிந்த நகம் வரும். கீறல் மட்டும் நகர்ந்து கறை அடியிலேயே நின்றால் அது இரத்தமில்லை.

பேனாவுக்குப் போட்டியாக விற்பனையில் இருப்பவற்றையும் பார்த்துவிடுவோம். மச்சத்துக்கென்று விற்கிற களிம்புகளில் சில அமிலம், சில "மூலிகை". மூலிகை என்று வருகிற கறுப்புக் களிம்பில் தோலை அழுக வைக்கிற சிங் குளோரைட்டும் சங்குவினாரின் என்ற தாவரச் சத்தும் இருக்கும். நல்ல தோல், கெட்ட தோல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தின்னும். மூக்கு நுனியையே இழந்தவர்கள் உண்டு. சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதும், கஜுக் கொட்டைத் தோட்டின் எண்ணெயைத் தொட்டு வைப்பதும் இதே வகைதான், விலை மட்டும் மலிவு. தோட்டெண்ணெய் பட்ட இடம் கொப்பளித்துப் பக்கத்துத் தோலையும் சேர்த்து உரிக்கும்.

மச்சத்தைப் படம் எடுத்தால் ஆபத்தா இல்லையா என்று சொல்கிற போன் செயலிகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலின் படங்களைக் காட்டிப் பழக்கப்படுத்தப்பட்டவை. உள்ளங்காலையும் நகத்தையும் அவற்றிடம் காட்டிப் பயனில்லை. பச்சை வெளிச்சம் வந்தால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் போனின் கமெராவில் மாட்டுகிற, தோலைப் பெருக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் ஒன்று வாங்கலாம். குடும்ப வைத்தியர், சீனி வருத்தக் கிளினிக்கில் கால் பார்க்கும் தாதி போன்றோருக்கு அது உண்மையிலேயே பயன்படும். பத்து மடங்கு பெருக்கமும் தோலின் பளபளப்பை அடக்குகிற முனைவாக்க ஒளியும் இருக்க வேண்டும். அது இல்லாத வெறும் பூதக்கண்ணாடியில் வெளிச்சம் திரும்பி அடித்து ஒன்றும் தெரியாது. தோலைத் தொட்டுப் பார்க்கும் வகையென்றால் இடையில் ஸ்கான் ஜெல் ஒரு துளி. நகத்துக்கு அதுவே வசதி, வளைவில் வழியாமல் நிற்கும்.

உள்ளங்காலில் இந்தக் கருவியின் பெறுமதி தெரியும். பாதத்தோல் முழுவதும் கைரேகை போல மேடும் பள்ளமுமாக வரிகள். சாதாரண மச்சத்தில் நிறம் பள்ளத்தோடு மெல்லிய கோடாக ஓடும். மெலனோமாவில் மேட்டின் மேல் அகலமாகப் படியும். எது மேடு என்று குழப்பமா? வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளியாக மேட்டில்தான் இருக்கும். அதுவும் தெரியவில்லையென்றால் பேனா மை கொஞ்சம் பூசித் துடைத்துவிடுங்கள். மை பள்ளத்தில் தங்கும். இந்த முறையைக் கட்டியெழுப்பியவர்கள் ஜப்பானிய வைத்தியர்கள். அங்கேயும் அக்ரல் வகைதான் முதன்மை. அவர்களுடைய கணக்குப்படி மேட்டில் நிறம் இருந்தால் அளவு எதுவானாலும் பயொப்சி. பள்ளத்து நிறம் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடலாம். இரண்டுங்கெட்டான் என்றால் 7 மி.மீ. தாண்டினால் வெட்டு, தாண்டாவிட்டால் மாதக்கணக்கில் தொடர்ந்து பார். மச்சம் சுடும் பேனா வைத்திருக்கிற பாலர்காரருக்கும் இந்தக் கருவி ஒன்று இருந்தால் நல்லது. சுடுவதற்கு அல்ல, ஆளை வைத்தியரிடம் அனுப்புவதற்கு.

சரியான சேவை என்று நாங்கள் சொல்வது காசில்லாமல் கிடைப்பது. அரசாங்க ஆஸ்பத்திரியின் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டித் தோல் கிளினிக்குக்கோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ கடிதம் வாங்குவது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்கள் அங்குள்ள ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். வரிசை நீளம், காலையிலேயே போக வேண்டும், நம்பர் எடுக்க வேண்டும், எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பாலரில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: வெட்டியெடுத்த துண்டுக்கு ஒரு ரிப்போர்ட்.

வெட்டுவது எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் கேள்வி கேட்க முடியும். சந்தேகமான மச்சத்தை முழுதாக, சுற்றிவர 1 முதல் 3 மி.மீ. நல்ல தோலோடு, அடிக் கொழுப்பு வரைக்கும் எடுக்க வேண்டும். கை கால் என்றால் வெட்டு நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் பிறகு பெரிய வெட்டும் நிணநீர்ப் பாதையைத் தேடும் பரிசோதனையும் சிக்கலாகும். மேலாகச் சீவி எடுத்தால் அடி அறுந்து ஆழம் தெரியாமல் போகும். பேனாவின் குறை கத்திக்கும் வந்துவிடும். பெரிய உள்ளங்கால் புள்ளியை முழுதாக எடுக்க முடியாதபோது மிகத் தடித்த அல்லது மிகக் கறுத்த இடத்தில் துண்டெடுப்பார்கள். அது "ஒன்றுமில்லை" என்று வந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னோர் இடத்தில் எடுக்க வேண்டும். நகத்தில் நகத்தட்டை விலக்கி, கறை பிறக்கிற அடிப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். நகத்தை மட்டும் வெட்டி அனுப்பிப் பயனில்லை.

எடுத்த துண்டு உடனே 10 சதவீத போர்மலினுக்குள் போக வேண்டும், துண்டின் பருமனைப் போலப் பத்து மடங்கு திரவத்தில். சேலைனில் போட்டால் கலங்கள் அழுகும். மூடியில் அல்ல, போத்தலிலேயே பெயர் ஒட்டப்பட வேண்டும். மூடி மாறினால் ஆளும் மாறிவிடுவார். தனியார் இடத்தில் "இது சும்மா மச்சம், அனுப்பத் தேவையில்லை" என்று துண்டை வாளிக்குள் போடப் போனால், செலவை நீங்கள் தருவதாகச் சொல்லி அனுப்ப வையுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். மெலனோமா என்று வந்திருந்தால் அதில் பிரெஸ்லோ தடிப்பு மில்லிமீட்டரில், புண்ணாகியிருக்கிறதா, வெட்டு விளிம்புகள் சுத்தமா என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். தடிப்பு எழுதப்படாத ரிப்போர்ட் அரைகுறை. அடுத்த வெட்டின் அகலத்தை அந்த எண்தான் சொல்லும். மேற்தோலுக்குள்ளேயே நிற்பது என்றால் 0.5 முதல் 1 செ.மீ., 1 மி.மீ. வரை தடிப்பென்றால் 1 செ.மீ., 1 முதல் 2 மி.மீ. என்றால் 1 முதல் 2 செ.மீ., அதற்கு மேல் 2 செ.மீ. இவ்வளவு அகலமாக எடுத்த பின் குதிக்காலில் தோலை இழுத்துத் தைக்க முடியாது. தொடையிலிருந்து தோல் ஒட்டுவார்கள் அல்லது பக்கத்துத் தசையோடு திருப்பிப் போடுவார்கள். மிதிக்கிற இடமானதால் ஆற நாள் எடுக்கும். வள்ளக்காரருக்கும் வயல்காரருக்கும் அந்தக் காலத்து வருமானத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கும். நகத்துக்கு அடியில் ஆழமாக இருந்தால் விரலின் நுனி மூட்டோடு எடுக்க வேண்டி வரலாம்.

தடிப்பு 1 மி.மீ. தாண்டினால் முதல் நிணநீர்க் கணுவைச் சோதிப்பது பற்றிக் கதைப்பார்கள், 0.8க்கு மேலும், புண்ணாகியிருந்தால் அதற்குக் குறைவிலும்கூடச் சிலருக்குக் கேட்பார்கள். மச்சம் இருந்த இடத்தில் நீலச் சாயமும் மெல்லிய கதிர்வீச்சுத் திரவமும் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பது இது. அதில் நோய் இருந்தால் எல்லாக் கணுக்களையும் வழித்தெடுப்பது முந்திய வழக்கம். அப்படி எடுத்ததால் ஆயுள் கூடவில்லை, கால் வீக்கம்தான் கூடியது என்று 2017இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. இப்போது பெரும்பாலும் ஸ்கான் செய்து கண்காணிக்கிறார்கள்.

பரவிய நோய்க்குப் பல தசாப்தங்களாக இருந்தது டகார்பசின் என்ற ஊசி. பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் கட்டி சுருங்கும். 2011இல் இபிலிமுமாப் வந்தது. 2014இல் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப். இவை புற்றுநோயை நேரே கொல்லாமல், உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருக்கிற பிரேக்கைக் கழற்றிவிடுகின்றன. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. இபிலிமுமாப்பும் நிவோலுமாப்பும் சேர்த்து ஏற்றிய ஆய்வில் பத்தாண்டு முடிவில் 43 சதவீதத்தினர் உயிரோடிருந்தார்கள். முன்பு பரவிய மெலனோமாவென்றால் ஓராண்டே பெரிது. பிரேக் கழன்றால் சொந்த உடம்பையும் தாக்கும். கடும் வயிற்றோட்டம், மூச்சு வாங்கல், தைரொயிட் படுத்துவிடல் என்று வரும். இந்த ஊசி ஏற்றியவருக்கு வயிற்றோட்டம் வந்தால் பார்மசியில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது; அன்றே வாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொரு வழி மாத்திரை. கட்டியில் பி-ராஃப் என்ற மரபணுப் பிறழ்வு இருந்தால் டப்ராஃபெனிபும் டிராமெட்டினிபும் சேர்த்துக் கொடுப்பார்கள். வெள்ளைக்காரரின் தோல் மெலனோமாவில் பாதிக்குப் பாதி அந்தப் பிறழ்வு இருக்கும். அக்ரல் வகையில் ஐந்தில் ஒன்றுக்கே இருக்கும் அல்லது அதற்கும் குறைவு. ஒரு சிலரில் கிட் பிறழ்வு இருந்து இமட்டினிப் வேலை செய்யும். பிரேக் கழற்றும் ஊசிகளுக்கும் அக்ரல் வகை கொஞ்சம் பிடிகொடுக்காது. மேலே சொன்ன 43ஐ அப்படியே எங்கள் காலுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆகவே எங்களுக்குப் புதிய மருந்தைவிட 0.8 மி.மீ.யிலேயே பிடிப்பதுதான் பெரிய இலாபம். இந்த மருந்துகளின் விலை வீட்டை ஈடு வைக்கிற விலை. சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழைக்கோ அலைய வேண்டியும் வரும்.

பேனா ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: கழுத்து மருவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான எந்தக் கறுப்புக்கும், காலில், கையில், நகத்தில் உள்ள எதற்கும் வேண்டாம். கண்ணுக்குக் கிட்டேயும் வேண்டாம். மருவென்று நினைத்தது கறுத்து, ஓரம் கெட்டு, இரத்தம் கசிவதாக இருந்தால் அது மரு இல்லை.

ஏற்கெனவே ஒரு மச்சத்தைச் சுட்டுவிட்டவர்கள் பயந்துபோய்த் தழும்பை மறுபடி சுட வேண்டாம். பழைய போன் படங்களில், கலியாண அல்பத்தில், அந்த மச்சம் தெரிகிற படமொன்றைத் தேடி எடுத்து வையுங்கள்; சுடுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி அதுதான். தழும்புக்குள்ளேயே நிறம் திரும்பினால் கிளினிக்கில் காட்டினால் போதும். நிறம் தழும்பின் ஓரத்தைத் தாண்டி நல்ல தோலுக்குள் போனாலோ, அடியில் உருண்டையாக ஏதும் தட்டுப்பட்டாலோ தாமதிக்கக் கூடாது. வெட்டி எடுத்து அனுப்பும்போது பரிசோதனைப் படிவத்தில் "இவ்விடம் முன்பு சுடப்பட்டது" என்றும், எந்த மாதம் சுடப்பட்டது என்றும் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் தழும்புக்கு மேல் குழம்பிக் கிடக்கிற கலங்களைப் பார்க்கிற நோயியல் நிபுணருக்கு இது போலியா, உண்மையா என்று பிரிக்க வழியிருக்காது.